வெங்காற்றில் வறுபடும் மீன் துண்டம்

ஒரு வீட்டில் மீன் வறுபடுவதை அண்டை வீட்டார் கேட்டறிய வேண்டியதில்லை; காற்றே அச்செய்தியைக் கொண்டு சென்றுவிடும். வங்காளத்தில் ரோகு, கட்லா ஆகிய ஆற்று மீன்களைக் குறுக்காக அறுத்து, மஞ்சளும் உப்பும் தடவி, கடுகெண்ணெயில் பொரித்தெடுத்த பின்னரே குழம்பில் இடுவது மரபு. கொங்கணக் கரையில் சுர்மை என்றும், கோவாவில் இஸ்வண் என்றும், கேரளத்தில் நெய்மீன் என்றும், தமிழ்நாட்டில் வஞ்சிரம் என்றும் வழங்கும் கடல்மீனை விரற்பருமனுள்ள துண்டங்களாக நறுக்கி, மசாலை தடவி, சில இடங்களில் ரவையிலும் புரட்டி வறுக்கின்றனர். பெயரும் மசாலையும் இடத்துக்கு இடம் வேறுபடினும், நன்றாகக் காய்ந்த எண்ணெயில் துண்டத்தை இட்டுச் சிவக்கச் செய்யும் முறை எங்கும் ஒன்றே.

இம்முறையால் விளையும் இடையூறு ஒன்று உண்டு. இதய நோய் கண்டவருக்கும், உடற்பருமன் மிகுந்தவருக்கும் மருத்துவர் வறுத்த பண்டங்களைக் குறைத்துக்கொள்ளுமாறு கூறுகிறார். குழம்பு மீனில் நாட்டமில்லாத வீடுகளில் இவ்வறிவுரையின் பயனாக எண்ணெயுடன் மீனும் சேர்ந்து விலக்கப்பட்டு விடுவதுண்டு. எளிதில் சீரணிக்கத்தக்க புரதமும், இதயத்திற்கு நலம் பயக்கும் ஒமேகா-3 என்னும் கொழுப்பு அமிலங்களும் அடங்கிய ஓர் உணவு, அது மிதந்த எண்ணெயின் குற்றத்திற்காகத் தட்டிலிருந்து நீங்கிவிடுகிறது. வறுத்த மீனின் ருசியை இழக்காமல் மீனை எண்ணெயினின்று பிரிக்க இயலுமா என்பதே இங்கு எழும் கேள்வி. அண்மைக் காலத்தில் நகரத்து வீடுகளில் இடம் பெற்றுவரும் ‘ஏர் பிரையர்’ என்னும் மின்சாதனம் இக்கேள்விக்குப் பெருமளவில் விடை தருகிறது. ஆனால் அவ்விடை, சாதனத்தின் இயல்பையும் மீனின் இயல்பையும் அறிந்து கையாள்பவர்க்கே கிட்டும்.

சாதனத்தின் வரலாறு

பெயர் புதியதாயினும் கருத்து புதியதன்று. அடுப்புப் பெட்டியினுள் விசிறியை அமைத்து வெப்பக் காற்றைச் சுழலச் செய்யும் முயற்சி இரண்டாவது உலக யுத்த காலத்தை ஒட்டியே நடைபெற்றது. அமெரிக்கரான வில்லியம் மாக்சன், விமானப் பயணிகளுக்கென உறைய வைக்கப்பட்ட உணவை வானிலேயே சூடாக்கித் தருவதற்கு விசிறி பொருத்திய சிறு அடுப்பு ஒன்றை 1940-ஆம் ஆண்டுகளில் உருவாக்கினார். பின்னர் ரொட்டிக் கிடங்குகளிலும் பெரிய உணவு விடுதிகளிலும் இவ்வகை அடுப்புகள் பரவின.

வீட்டு மேசைமீது வைக்கத்தக்க சிறு வடிவத்தில் இதனை அமைக்கும் பணியில் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த பிரெட் வான் டெர் வெய் என்பவர் ஈடுபட்டார். உருளைக்கிழங்குத் துண்டுகளை மிகுந்த எண்ணெயின்றி மொறுமொறுப்பாக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். பிலிப்ஸ் நிறுவனம் 2010-ஆம் ஆண்டில் பெர்லின் நகரப் பொருட்காட்சியில் இச்சாதனத்தை வெளியிட்டது. இன்று பல நிறுவனங்கள் இதனைத் தயாரிக்கின்றன. அமைப்பு எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றே: மேற்புறத்தில் மின்சாரத்தால் பழுக்கக் காயும் கம்பிச்சுருள், அதற்கு மேல் வேகமாகச் சுழலும் விசிறி, அடியில் துளைகளுள்ள கூடை, கூடையைத் தாங்கும் இழுப்பறை, உஷ்ணத்தையும் நேரத்தையும் கட்டுப்படுத்தும் விசைகள்.

எண்ணெயின் வேலையைக் காற்று செய்யுமா?

எண்ணெய்ச் சட்டியில் மீன் ஏன் விரைந்து வறுபடுகிறது? எண்ணெய் ஒரு திரவம். துண்டத்தின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அது தழுவி நிற்கிறது. அத்துடன் மிகுந்த உஷ்ணத்தைத் தன்னுள் தேக்கி வைத்துக்கொள்ளும் ஆற்றலும் அதற்கு உண்டு. 180 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்திலுள்ள ஒரு லிட்டர் எண்ணெய், அதே உஷ்ணத்திலுள்ள ஒரு லிட்டர் காற்றைப்போல் ஈராயிரம் மடங்குக்கு மேற்பட்ட உஷ்ணத்தைத் தாங்கி நிற்கிறது. 180 டிகிரியுள்ள அடுப்புப் பெட்டியினுள் ஒரு கணம் கையை நீட்டி எடுத்துவிடலாம். அதே உஷ்ணமுள்ள எண்ணெயில் விரல் நுனி பட்டாலும் கொப்புளம் உண்டாகும். காரணம் இதுவே.

ஆகவே காற்று தன் வறுமையை வேகத்தால் ஈடு செய்தாக வேண்டும். எந்தப் பொருளையும் சுற்றி மெல்லிய, அசையாத காற்றுப் படலம் ஒன்று போர்வைபோல் ஒட்டிக் கிடக்கிறது. சூடான கஞ்சியை விசிறினால் விரைவில் ஆறுகிறது. அப்போர்வையை விசிறி கலைத்து விடுவதே அதற்குக் காரணம். ஏர் பிரையரில் இதே நிகழ்ச்சி தலைகீழாக நடைபெறுகிறது. வெளிக்காற்று வெப்பமாகவும் உள்ளிருக்கும் பொருள் குளிர்ச்சியாகவும் இருத்தலால், போர்வை கலைந்தவுடன் உஷ்ணம் பொருளினுள் விரைந்து புகுகிறது. பெட்டி சிறியதாகையால் காற்று மீண்டும் மீண்டும் கம்பிச்சுருளைத் தொட்டுச் சூடேறித் திரும்புகிறது. கூடையின் துளைகள் வழியே அது துண்டத்தின் அடிப்பாகத்தையும் அடைகிறது.

இதனின்று தெளிவாவது என்னவெனில், இச்சாதனம் உண்மையில் வறுப்பதில்லை; சுடுகிறது. இதனை வலிமையான விசிறி பொருத்திய சிறியதொரு சுடு அடுப்பு என்று கொள்வதே பொருந்தும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், எண்ணெய்ச் சட்டியில் பழகிய கைக்கு இதில் நேரும் தவறுகள் பலவும் நீங்கிவிடும். காற்று செல்ல வழியின்றித் துண்டங்களை நெருக்கி அடுக்குதல், ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுதல், கூடையின் துளைகளைத் தாளால் மூடிவிடுதல் ஆகியவை விசிறியின் வேலையையே தடுத்து விடுகின்றன. அவ்வாறு செய்தால் மீன் வறுபடாது. தன் ஆவியிலேயே வெந்து வெளுத்துப் போகும்.

ஈரத்தின் கணக்கு

மீனைக் கழுவியதும் ஜலம் சொட்டச் சொட்ட மசாலை தடவுவது பல வீடுகளிற் காணும் வழக்கம். எண்ணெய்ச் சட்டியில் இது சடசடவென்று தெறிப்பதோடு முடிந்துவிடும். வெங்காற்றிலோ இதன் விளைவு வேறு.

ஒரு கிராம் ஜலத்தை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான உஷ்ணத்தை விஞ்ஞானிகள் ஒரு கலோரி என்பர். கொதிநிலையை அடைந்த ஒரு கிராம் ஜலத்தை ஆவியாக மாற்றுவதற்கு மட்டும் மேலும் 540 கலோரி தேவை. 150 கிராம் எடையுள்ள ஒரு மீன் துண்டத்தை 10 டிகிரியிலிருந்து உண்ணத்தக்க பக்குவமான 63 டிகிரி வரை சூடாக்க ஏறத்தாழ 6,800 கலோரி போதும். அத்துண்டத்தின்மேல் ஒட்டியிருக்கும் ஜலம் ஐந்து கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு, என்று கொள்வோமாயின், அதனைச் சூடாக்கி ஆவியாக்குவதற்கே 3,100 கலோரிக்கு மேல் செலவாகிறது. முழுத் துண்டத்தையும் வேகவைக்கும் உஷ்ணத்தில் ஏறத்தாழப் பாதி, ஒரு தேக்கரண்டி ஜலத்தைப் போக்குவதில் கழிந்து விடுகிறது!

உஷ்ணம் வீணாவது மட்டுமே இதிலுள்ள குறை அன்று. மேற்பரப்பில் ஈரம் நிற்கும் வரை அப்பரப்பின் உஷ்ணநிலை 100 டிகிரியைத் தாண்டாது. மீனின் மேற்புறம் பொன்னிறம் பெற்று மணம் கமழ்வதோ அதற்கு மேற்பட்ட உஷ்ணத்தில்தான். புரதத்திலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைப் பொருள்களும் கலந்து நிகழும் இந்த ரசாயன மாறுதலைப் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமீல் மயார் 1912-ஆம் ஆண்டில் விளக்கினார். அவர் பெயராலேயே அது வழங்கி வருகிறது. சமையலில் அது 140 டிகிரியை ஒட்டி விரைவுறுகிறது. ஈரமான துண்டம் முதலில் உலர்ந்து, பின்னரே இந்நிலையை எட்ட வேண்டியிருப்பதால், மேற்புறம் சிவக்கும் நேரத்திற்குள் உட்புறம் அளவுக்கு மீறி வெந்து போகிறது. ஏர் பிரையரில் சமைத்த மீன் ‘சக்கையாக இருக்கிறது’ என்று சொல்லப்படும் குறைக்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். சுத்தமான துணியால் துண்டத்தின் இரு பக்கங்களையும் ஒற்றி எடுக்கும் ஒரு நிமிட வேலை அக்குறையை நீக்கிவிடும்.

மீன் தசையின் இயல்பு

நிலத்தில் வாழும் ஆடு தன் உடலின் பாரத்தைத் தானே சுமக்கிறது. அதன் தசைநார்கள் நீண்டவை. அவற்றைப் பிணைக்கும் இணைப்புத் திசுக்கள் வலியவை. அவற்றை இளக்க நெடுநேரம் வேகவைத்தல் இன்றியமையாதது. மீனின் பாரத்தை நீரே தாங்குகிறது. அதன் தசை, குறுகிய இழைகள் அடுக்கடுக்காக அமைந்தது. அடுக்குகளை இணைக்கும் சவ்வு மெல்லியது. குறைந்த உஷ்ணத்திலேயே கரைந்து விடுவது. வெந்த மீன் இதழ் இதழாகப் பிரிவது இதனாலேயே.

மீன் தசையிலுள்ள மயோசின் என்னும் புரதம் 40 டிகிரியை ஒட்டியே உறையத் தொடங்குகிறது. கண்ணாடி போன்றிருந்த சதை வெண்மையுறுகிறது. 60 டிகிரியை நெருங்கும்பொழுது இதழ்கள் பிரிகின்றன. அதற்கு மேலும் சூடேறினால் புரதங்கள் சுருங்கித் தம்முள் இருக்கும் சாற்றைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. உணவுப் பாதுகாப்பு நோக்கில் அமெரிக்க அரசாங்கத் துறைகள் மீனுக்கு வகுத்துள்ள உள் உஷ்ணநிலை 63 டிகிரி. பக்குவத்திற்கும் வறட்சிக்கும் இடையிலுள்ள தூரம் மிகக் குறுகியது என்பது இதனின்று விளங்கும். ஆட்டிறைச்சியில் ஐந்து நிமிடம் கூடினால் கெடுதியில்லை. மீனில் மூன்று நிமிடமே தட்டின் கதியை மாற்றிவிடும்.

நேரத்தைத் தீர்மானிப்பது துண்டத்தின் எடை அன்று, பருமனே. உஷ்ணம் இரு பக்கங்களிலிருந்தும் நடுப்பகுதியை நோக்கிச் செல்கிறது. பருமன் இரட்டித்தால் நேரம் இரட்டிப்பது மட்டுமன்று. கொள்கையளவில் நான்கு மடங்கு வரை நீளக்கூடும். வீட்டுச் சமையலில் வரும் சாதாரணப் பருமனுக்கு, கனடா நாட்டு மீன்வளத் துறை பரப்பிய எளிய விதி ஒன்று உண்டு: ஓர் அங்குலப் பருமனுக்குப் பத்து நிமிடம் என்பதே அது. முதன்முறை முயல்பவர் இதனைத் தொடக்கமாகக் கொண்டு, பின்னர்த் தம் சாதனத்தின் போக்கிற்கேற்ப ஓரிரு நிமிடம் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

தயாரிக்கும் முறை

குறுக்காக அறுத்த துண்டம் இச்சாதனத்திற்கு மிகவும் ஏற்றது. நடுவிலுள்ள முள் அதன் வடிவைக் காக்கிறது. பருமனும் ஏறத்தாழச் சீராக இருக்கிறது. மீன் வாங்கும் இடத்திலேயே இரண்டு முதல் இரண்டரை சென்டிமீட்டர் பருமனுக்கு வெட்டச் சொல்லுதல் நலம். சட்டியில் விரைவாக வறுபட வேண்டி வெட்டப்படும் ஒரு சென்டிமீட்டர் துண்டங்கள், மேற்புறம் சிவக்கு முன்னரே வெங்காற்றில் உலர்ந்து போகின்றன. வயிற்றுப் பகுதித் துண்டங்களின் இரு ஓரங்களும் மெல்லியவை. அவற்றை உட்புறமாக மடித்து வைத்தால் கருகமாட்டா. வாற்பகுதித் துண்டங்கள் சிறியவையாதலின், அவற்றைச் சில நிமிடம் தாமதித்து இடுவது பொருந்தும்.

கழுவி ஒற்றியெடுத்த துண்டங்களுக்கு உப்பு, மஞ்சள், மிளகாய்த் தூள், இஞ்சி பூண்டு விழுது ஆகியவற்றைக் கெட்டியாகக் குழைத்துத் தடவிப் பதினைந்து முதல் இருபது நிமிடம் வைத்திருக்கலாம். எலுமிச்சைச் சாற்றைப் பொறுத்தவரை அளவும் காலமும் முக்கியம். புளிப்பு, நெருப்பைப் போலவே புரதத்தை உறையச் செய்வது. நீண்ட நேரம் ஊறிய துண்டம் அடுப்பில் ஏறும் முன்னரே பாதி வெந்ததாகி, பின்னர் மாவுபோல் உதிரும். மீனின் வாடைக்குக் காரணமான டிரைமெதிலமீன் என்னும் பொருளைப் புளிப்பு அடக்குவது உண்மையே. அதற்குச் சில துளிகள் போதும். எஞ்சியதை உண்ணும் வேளையிற் பிழிந்துகொள்ளலாம்.

எண்ணெயை அறவே நீக்குவது தவறு. நான்கு துண்டங்களுக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெயை மசாலையின்மேல் மெல்லப் பூசினால் பல பயன்கள் விளைகின்றன. மசாலைத் தூள் விசிறிக் காற்றில் பறவாமல் ஒட்டி நிற்கிறது. மேற்பரப்பின் சிறு குழிகளை எண்ணெய் நிரப்பி உஷ்ணம் சீராகப் பரவ உதவுகிறது. மஞ்சளின் நிறமும் மிளகாயின் காரமும் கொழுப்பிற் கரைபவை ஆகையால் சுவை துண்டம் முழுவதும் பரவுகிறது. கூடையிலும் மீன் ஒட்டுவதில்லை. வங்காளத்துச் சுவையை விரும்புவோர் இங்குக் கடுகெண்ணெயையும், மலையாளச் சுவையை விரும்புவோர் தேங்காயெண்ணெயையும் பயன்படுத்தலாம். ரவை தூவுவதாயின் எண்ணெய் பூசிய பின்னர்த் தூவி அழுத்திவிட வேண்டும். நீர்த்த மாவிற் தோய்த்த துண்டங்கள் இச்சாதனத்திற்கு உகந்தவை அல்ல. எண்ணெயில் விழுந்த கணமே உறைந்து விடும் மாவு, காற்றில் உறையுமுன் துளைகள் வழியே வழிந்துவிடும்.

சாதனத்தை மூன்று நிமிடம் வெறுமையாக ஓடவிட்டுச் சூடேற்றிக்கொண்டு, துண்டங்களை ஒரே அடுக்காக, ஒன்றுக்கொன்று விரலிடை விட்டுப் பரப்புதல் வேண்டும். 190 டிகிரியில் ஆறு நிமிடம் வைத்து, அகலமான கரண்டியால் ஒருமுறை திருப்பி, மேலும் நான்கு முதல் ஆறு நிமிடம் வைத்தால் இரண்டரை சென்டிமீட்டர்த் துண்டம் பக்குவமடையும். கம்பிச்சுருள் மேற்புறத்தில் இருத்தலால் அப்பக்கமே முதலிற் சிவக்கிறது. திருப்புதல் அவசியமாவது அதனால்தான்.

பக்குவத்தை அறியக் கடிகாரத்தைவிட நடு முள்ளே நம்பத்தக்கது. முள்ளை ஒட்டிய சதை வெண்மையுற்று எளிதிற் பிரியுமாயின் மீன் வெந்துவிட்டது; ஒட்டிக்கொண்டு கண்ணாடி போல் தோன்றுமாயின் இரண்டு நிமிடம் தேவை. உணவு உஷ்ணமானி உள்ளவர்கள் அதனை முள்ளிற் படாமல் பக்கவாட்டில் நடுப்பகுதி வரை செலுத்திப் பார்க்கலாம். வெளியே எடுத்த பின்னும் மேற்புறத்தின் உஷ்ணம் சிறிது நேரம் உள்நோக்கிச் செல்கிறது. எனவே இரண்டு நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறுவது நன்று.

எச்சரிக்கை ஒன்றும் இங்குக் கூறத்தக்கது. கூடையில் விரிக்கும் சமையல் தாளை, அதன்மேல் பாரம் ஏதுமின்றி வைத்துச் சாதனத்தை ஓட விடலாகாது. விசிறிக் காற்றில் தாள் மேலெழுந்து பழுத்த கம்பிச்சுருளைத் தொட்டால் தீப்பற்றும்.

எண்ணெயும் மின்சாரமும்

ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 14 கிராம். இங்கு உணவுக் கலோரி என்பது முன்னர்க் கூறிய கலோரியைப்போல் ஆயிரம் மடங்கு. அக்கணக்கில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 125 உணவுக் கலோரி தருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு 2,000 உணவுக் கலோரி கொள்பவருக்குச் சமையல் எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம் என்று வகுத்துள்ளது. காலைத் தோசைக்கும் பகல் தாளிதத்திற்கும் போக எஞ்சுவது சிறிதே. மேலே கூறிய முறையில் ஒரு துண்டத்திற்குச் சேரும் எண்ணெய் அரைத் தேக்கரண்டி. அதாவது இரண்டு கிராமுக்குச் சற்று அதிகம்.

சட்டியில் வறுக்கும்பொழுது மற்றொரு பரிமாற்றமும் நிகழ்கிறது. மீனிலிருந்து ஜலம் வெளியேற, அவ்விடத்தை எண்ணெய் பற்றிக்கொள்கிறது. கொழுப்புள்ள மீனாயின் அதன் இயற்கைக் கொழுப்பில் ஒரு பகுதி சட்டிக்குச் செல்கிறது. இதன் விளைவாக, உண்ணும் துண்டத்தில் மீனுக்குரிய ஒமேகா-3 அமிலங்களின் விகிதம் குறைந்து, வறுத்த எண்ணெயின் கொழுப்பு மேலோங்குகிறது.

அதனினும் கவலைக்குரியது, எஞ்சிய எண்ணெயை மறுநாளும் காய்ச்சும் வழக்கம். மீண்டும் மீண்டும் காயும் எண்ணெயில் உடலுக்கு ஒவ்வாத பொருள்கள் பெருகுகின்றன. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், ‘துருவச் சேர்மங்கள்’ எனப்படும் இப்பொருள்களின் மொத்த அளவு நூற்றுக்கு 25 பங்கை மீறிய எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்று விதித்துள்ளது. 2018 ஜூலை முதல் தேதியிலிருந்து இவ்விதி நடைமுறையில் உள்ளது. வீட்டுச் சமையலறையில் இதனை அளந்தறியும் வசதி இல்லை. வறுத்த எண்ணெய் மீதமே இல்லாத முறையில் இவ்வையத்திற்கே இடமில்லை. நாட்டிற்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து இறக்குமதியாகிறது என்பதையும் சேர்த்து எண்ணினால், குடும்பச் சிக்கனம் நாட்டின் சிக்கனமாகவும் அமைவது புலனாகும்.

மின்சாரச் செலவும் பெரிதன்று. 1,500 வாட் ஆற்றலுள்ள சாதனம் இடைவிடாது பதினைந்து நிமிடம் ஓடினாலும் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேல் செலவாகிறது. உஷ்ணக் கட்டுப்பாட்டு விசை இடையிடையே கம்பிச்சுருளை அணைத்து விடுவதால் உண்மைச் செலவு இதனினும் குறைவு. ஆனால் சாதாரண அளவுள்ள கூடையில் ஒரு வேளைக்கு நான்கு துண்டங்களே அடங்கும். எட்டுப் பேர் உண்ணும் வீட்டில் இரண்டு மூன்று ஈடு வைக்க வேண்டிவரும் என்பதை வாங்குமுன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சாதனத்தால் இயலாதவை

எண்ணெய் குறைந்தது என்பதாலேயே எல்லாக் கேடும் நீங்கிவிட்டதாகக் கருதலாகாது. மீனின் நற்கொழுப்பு, வெப்பமும் பிராணவாயுவும் சேர்ந்து தாக்கினால் எளிதிற் சிதைவது. வேகமாகச் சுழலும் வெங்காற்றில் இவ்விரண்டும் உள்ளன. பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மத்தி மீனைக் கொண்டு நடத்தி 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஏர் பிரையரில் சமைத்தபொழுது ஒமேகா-3 அமிலங்கள் குறைந்து, கொலஸ்டிரால் சிதைவுப் பொருள்கள் மிகுந்தமை காணப்பட்டது. பச்சை மூலிகைத் தழைகளைச் சேர்த்துச் சமைத்தபொழுது இச்சிதைவு குறைந்தது என்றும் அவர்கள் கண்டனர். அதிக உஷ்ணத்தில் நெடுநேரம் வைத்து மீனைக் காயவிடுதல், சுவையுடன் சத்தையும் கெடுப்பது என்பதே இதனாற் பெறப்படும் பாடம். நிறம் இன்னும் ஏறட்டும் என்று காத்திராமல், வெந்தவுடன் எடுத்து விடுதல் நன்று. குழம்பாகவோ ஆவியிலோ சமைக்கும் பழைய முறைகளின் சிறப்பு இதனாற் குறைந்துவிடவில்லை.

மற்றோர் அபாயம் உயிரைத் தொடுவது. வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி ஆகிய ஓரினத்து மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. பிடித்த மீனைப் பனிக்கட்டியின்றி வைத்தால், சிலவகைப் பாக்டீரியாக்கள் அதனை ஹிஸ்டமின் என்னும் நச்சுப் பொருளாக மாற்றுகின்றன. இதனை உண்டவருக்குச் சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவத்தல், அரிப்பு, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு ஆகியவை தோன்றும். பலர் இதனை ‘மீன் ஒவ்வாமை’ என்றே கருதிவிடுகின்றனர். பாக்டீரியாவை வெப்பம் கொல்லும். அது விட்டுச் சென்ற ஹிஸ்டமினையோ எண்ணெய்ச் சட்டியும் அழிப்பதில்லை, வெங்காற்றும் அழிப்பதில்லை. 200 டிகிரியிற் சுட்டுவிட்டோம் என்னும் நம்பிக்கை இங்குப் பயன்படாது.

இதற்குப் பரிகாரம் சமையலறைக்கு வெளியே, படகிலும் சந்தையிலும் தொடங்குகிறது. நம் நாட்டின் வெப்பநிலையில் மீனின் எடைக்குச் சம எடை பனிக்கட்டி வேண்டும் என்பது மீன்வள நிபுணர்களின் பொதுவான அறிவுரை. 1957-ஆம் ஆண்டில் கொச்சியில் தோன்றிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், பிடித்த மீனைக் கெடாமற் காத்தல் பற்றி ஆராய்ந்து வருகிறது. மீனிற் கலக்கப்படும் பார்மலின், அம்மோனியா ஆகியவற்றைச் சில நிமிடங்களிற் கண்டறிய உதவும் எளிய சோதனைத் தாள்களையும் அந்நிறுவனம் உருவாக்கியுள்ளது. 2018-ஆம் ஆண்டில் கேரளத்தில் பார்மலின் கலந்த மீன் பெருமளவிற் பிடிபட்டபொழுது இத்தாள்கள் பயன்பட்டன. வாங்குபவர் செய்யக்கூடியதும் உண்டு. துண்டமாக வாங்குகையில் சதை விறைப்பாகவும் பளபளப்பாகவும் இருத்தல் வேண்டும்; விரலால் அழுத்திய பள்ளம் மீண்டும் எழுதல் வேண்டும்; முள்ளை ஒட்டிப் பழுப்பு நிறம் படர்ந்திருத்தல் ஆகாது. வாங்கிய மீனை வெயிலில் அலையவிடாமல் உடனே குளிர்பெட்டியில் சேர்த்தலும், மசாலை தடவிய பின் ஊறும் நேரத்தையும் குளிர்பெட்டியிலேயே கழிக்கச் செய்தலும் அவசியம்.

முடிவாக, கடுகெண்ணெயில் பொரிந்த ரோகுவின் மணத்தையோ, இரும்புத் தோசைக் கல்லில் முறுகிய வஞ்சிரத்தின் ஓரத்தையோ வெங்காற்று அப்படியே தந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் பனிக்கட்டியிற் காக்கப்பட்ட நல்ல மீனை, ஈரம் போக ஒற்றி, பருமனறிந்து நேரம் வைத்து எடுப்பவருக்கு, மேலே பொன்னிறமும் உள்ளே சாறும் குன்றாத துண்டம் பதினைந்து நிமிடத்தில் கிடைக்கும். புகையடைந்த சமையலறையில் அடுப்பின் முன் நின்று ஒவ்வொரு துண்டமாகத் திருப்பிய கைகளுக்கும் இதனால் ஓய்வு உண்டு. வறுத்த உணவை விலக்குமாறு அறிவுறுத்தப்பட்டவர், தமக்கு எவ்வளவு மீன், எத்தனை முறை ஏற்றது என்பதைத் தம் மருத்துவரிடம் கேட்டறிந்து, அதனைக் குடும்பத்தாருடன் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண இச்சாதனம் வழி செய்கிறது.